சக்கரத்தை அளந்து வாங்குங்கள்

மல்லிப்பட்டினத்தை ஒட்டிய கடற்கரையில் மனோரா நிற்கிறது. எட்டு அடுக்கு, அறுகோண வடிவம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாட எழுப்பிய கோபுரம். வாட்டர்லூ வெற்றியின் நினைவுச் சின்னம் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் அங்குள்ள கல்வெட்டு குறிப்பது 1814-ம் ஆண்டை. வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூன் 18. சரபோஜி மகிழ்ந்தது, நெப்போலியன் முதல் தடவை முடி துறந்து எல்பா தீவுக்குப் போனதற்காக.

மனோரா பார்க்கப் போகிறவருக்கு இந்த ஓராண்டு ஒரு பொருட்டே இல்லை. அதே போர்களைச் சிற்றுருவ வீரர்களை வைத்து மேசையில் ஆடுபவருக்கோ அது பெரிய விஷயம். பிரிட்டிஷ் காலாட்படைக்கு முன்பக்கம் உயர்ந்த புதுத் தொப்பி 1812-ல் உத்தரவானது. ஆனாலும் ஸ்பெயினில் போரிட்டவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை பழைய குழாய்த் தொப்பியிலேயே இருந்தார்கள். வாட்டர்லூவில்தான் புதியது பரவலாகத் தெரிகிறது. ஆகவே முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள், அப்புறம் வீரர்கள் வரும் பெட்டியைப் பாருங்கள்.

இந்த ஆட்டத்தின் மூலம் பிரஷ்ய ராணுவம். 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1:8000 வரைபடத்தில் சின்னக் கட்டைகளை நகர்த்தி அதிகாரிகளுக்குப் போர்ப் பயிற்சி தரும் முறையை வகுத்தார். அதைப் பொம்மை வீரர்களுடன் வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தவர் நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ், 1913-ல் விதிப் புத்தகமே எழுதினார். அவருடைய ஆட்டத்தில் ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கி நிஜமாகவே சுடும். இப்போது சுடும் வேலையைப் பகடையும் அளவுகோலும் பார்த்துக்கொள்கின்றன.

கொலுப்படியில் செட்டியார் பொம்மை பக்கத்திலிருக்கும் கோபுரத்தைவிட உயரமாக இருந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. போர்மேசையில் அப்படி விட முடியாது. குழப்பம் பெட்டியின் மேலேயே தொடங்குகிறது. சில கம்பெனிகள் 28 மி.மீ. என்று போடும், சில 1/56 என்றோ 1/72 என்றோ போடும். மில்லிமீட்டர் கணக்கைப் பலர் பாதத்திலிருந்து கண்வரை எடுக்கிறார்கள், சிலர் உச்சந்தலைவரை. ஐந்தரை அடி ஆளின் கண் ஏறத்தாழ 157 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதை 56-ஆல் வகுத்தால் 28 மி.மீ. வருகிறது. அதே ஆள் 1/72-ல் தலை முதல் கால் வரை 23 மி.மீ.தான். போதாததற்கு, 28 மி.மீ. உருவங்கள் பலவற்றில் தலையும் கையும் வேண்டுமென்றே பெருக்கப்பட்டிருக்கும். தூரத்திலிருந்து முகம் தெரியவும் வர்ணம் பூச வசதியாகவும் செய்த ஏற்பாடு அது. மெலிந்த உடல்வாகுள்ள இன்னொரு கம்பெனியின் வீரனை அவர்களுக்கு நடுவில் நிறுத்தினால், உயரம் சரியாக இருந்தும் சிறுவனைப் போலத் தெரிவான்.

மனிதர்களில் நெட்டை குட்டை உண்டு. ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண் மன்னித்துவிடும். பீரங்கிச் சக்கரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பிரிட்டிஷ் களப் பீரங்கியின் சக்கர விட்டம் 5 அடி. ஐந்தரை அடி பீரங்கி வீரர் பக்கத்தில் நின்றால் சக்கரத்தின் உச்சி அவர் மூக்களவுக்கு வரும். சிற்றுருவத்தில் இது 1/56-க்கு 27 மி.மீ., 1/72-க்கு 21 மி.மீ., 15 மி.மீ. வீரர்களுக்கு உத்தேசமாக 15 மி.மீ. பெட்டியில் என்ன போட்டிருந்தாலும் சக்கரத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 1/72 பீரங்கியை 28 மி.மீ. ஆட்களிடம் கொடுத்தால் சக்கரம் அவர்கள் மார்புக்குக் கீழேயே நின்றுவிடும், தள்ளுவண்டிதான்.

அளவு பொருந்தினாலும் போதாது, வண்டியையும் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் வண்டியின் பின்பக்கம் ஒரே உத்திரம், சாம்பல் வர்ணம். பிரெஞ்சு வண்டிக்கு இரண்டு பக்கப் பலகைகள், ஆலிவ் பச்சை. பெயரில் உள்ள பவுண்டு குண்டின் எடை. பிரெஞ்சு பவுண்டு கொஞ்சம் கனமானது என்பதால் அவர்களுடைய 8 பவுண்டர் குண்டு இங்கிலீஷ் கணக்கில் எட்டரை பவுண்டைத் தாண்டும். பிரிட்டிஷாரின் 9 பவுண்டரோடு மோத அது சளைத்ததல்ல.

என்னைக் கேட்டால் நம் ஊர்க்காரர்கள் வாட்டர்லூவை விட்டுவிட்டு 1803 செப்டம்பர் 23-ல் நடந்த அஸ்ஸாயே போரை எடுக்கலாம். பின்னாளில் வாட்டர்லூவில் வென்ற அதே வெல்லெஸ்லி, மராட்டிய சிந்தியாவின் படையை முறியடித்து 90-க்கும் மேற்பட்ட பீரங்கிகளைப் பிடித்த போர் அது. அவருடைய காலாட்படையில் பெரும்பகுதி மதராஸ் படைச் சிப்பாய்கள்: சிவப்புக் கோட்டு, முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் வெள்ளைக் காற்சட்டை, தலைப்பாகை மாதிரியான தொப்பி. பீரங்கியைத் தள்ளவும் இழுக்கவும் லஸ்கர்கள் இருந்தார்கள். ஐரோப்பியப் போருக்கான பெட்டிகளில் இவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள், இருப்பது குதிரைகள். இங்கே பீரங்கியையும் சாமான்களையும் இழுத்தவை பெரும்பாலும் மாடுகள். திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த மைசூர் அமிர்த மகால் மாடுகளை வெல்லெஸ்லி பெரிதும் மதித்தார். மாட்டின் உயரம் நாலேகால் அடி என்று கொண்டால் 1/56-ல் 23 மி.மீ. வரும். நவராத்திரிக் கடைகளின் மாட்டுவண்டிப் பொம்மை பெரும்பாலும் இதைவிட மிகப் பெரிது.

தஞ்சைக் கீழவாசல் பீரங்கி மேட்டின் ராஜகோபால பீரங்கியைச் செய்து பார்க்கும் ஆசை வரலாம். நிஜத்தில் ஏறக்குறைய ஏழரை மீட்டர் நீளம்; மேசையில் 13 செ.மீ. ஆனால் அது நாயக்கர் காலத்துக் கோட்டைப் பீரங்கி, களத்துக்கு இழுத்துப் போகிற சாதனமல்ல.

நிலத்தையும் உருவத்தையும் ஒரே விகிதத்தில் வைக்க முடியாது என்பது பழைய சிக்கல். 1838-ல் லண்டனில் காட்சிக்கு வந்த, சைபோர்ன் என்பவர் செய்த வாட்டர்லூ போர்க்கள மாதிரியில் ஒரு மைலுக்கு 9 அடி கணக்கில் நிலம். அந்தக் கணக்குப்படி வீரன் 3 மி.மீ. உயரம்கூட இருக்கக் கூடாது. அவர் வைத்ததோ 10 மி.மீ. வீரர்கள். மேசையாட்டத்திலும் அதே சமரசம்தான்: ஒரு வீரன் இருபது முப்பது பேருக்குச் சமம், ஒரு பீரங்கி ஆறோ எட்டோ கொண்ட ஒரு பேட்டரிக்குச் சமம்.

வெவ்வேறு கம்பெனி உருவங்களைக் கலக்கத்தான் வேண்டுமென்றால் பட்டாலியன் வாரியாகக் கலக்குங்கள், ஒரே வரிசைக்குள் வேண்டாம். பீரங்கியும் அதன் ஆட்களும் ஒரே கம்பெனியுடையதாக இருப்பது நல்லது. குட்டையான வீரனுக்கு ஒரு மில்லிமீட்டர் தடித்த அடித்தட்டு ஒட்டினால் குறை மறைந்துவிடும். அப்படி ஆட்களை உயர்த்தினால் பீரங்கியையும் அதே தடிமனுள்ள தட்டில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் மூக்களவு வர வேண்டிய சக்கரம் தாடைக்கு இறங்கிவிடும்.