கணித மேற்படிப்பு இன்டர்வியூ: உள்ளே என்னதான் கேட்கிறார்கள்?

இன்டர்வியூ என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கேம்பஸ் இன்டர்வியூதான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஃபைல், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்". கணித மேற்படிப்பு இன்டர்வியூ வேறு ரகம். சாக்பீஸைக் கொடுத்து போர்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

என் பெரியப்பா மகள் பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.மேத். படிப்புக்குத் தயாரானபோது, வீட்டில் நான்தான் கேள்வி கேட்கும் ஆபீசர்! "உனக்கு ஒண்ணும் தெரியாதுல்ல? அதான் வேணும். புரியாத இடத்துல எல்லாம் ஏன்னு கேளு" என்றார் அக்கா. கேட்பதற்கு என்ன காசா, பணமா?

எல்லாவற்றையும் புரட்டக் கூடாது என்பது அவர் கட்சி. உனக்குப் பிடித்த பகுதி எது என்று கேட்டு, நாம் சொன்ன இடத்திலேயே கிணறு தோண்டுவார்களாம். அதனால் லீனியர் அல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ் இரண்டை மட்டும் அடிவரை பார்த்தார். ஒவ்வொரு வரையறைக்கும் பொருந்தும் உதாரணம் ஒன்று, பொருந்தாத உதாரணம் ஒன்று. ஒவ்வொரு தேற்றத்திலும் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் எங்கே உடைகிறது என்று தேடல்.

ஒன்றைச் சொல்கிறேன், நம்ம சிலபஸ்தான். ஏ, பி இரண்டும் சதுர மேட்ரிக்ஸ். ஏ பெருக்கல் பி யூனிட் மேட்ரிக்ஸ் என்றால், பி பெருக்கல் ஏ-யும் யூனிட் மேட்ரிக்ஸ்தான். இன்வர்ஸ் கண்டுபிடித்து மார்க் வாங்கிவிடுகிறோம். ஏன் என்று யார் கேட்டோம்? பி செய்ததை ஏ திருப்பிக் கொண்டுவருகிறது என்றால், பி எதையும் அழிக்கவில்லை. சதுர மேட்ரிக்ஸில் எதையும் அழிக்காதது எந்த இடத்தையும் விட்டுவைக்காது. ஆகவே பி-க்கு முழு இன்வர்ஸ் உண்டு, அதுதான் ஏ.

"சரி, இது உடையுற இடம் எது?" என்றேன். அக்கா போர்டில் எழுதியது நமக்கெல்லாம் பழைய எதிரி. எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் 5. இதைப் பூஜ்யத்திலிருந்து இன்டக்ரேட் செய்து, பிறகு டிஃபரன்ஷியேட் செய்தால் அப்படியே திரும்பி வரும். மாற்றிச் செய்யுங்கள்: முதலில் டிஃபரன்ஷியேட் செய்தால் 2 எக்ஸ், பூஜ்யத்திலிருந்து இன்டக்ரேட் செய்தால் எக்ஸ் ஸ்கொயர் மட்டும். 5 போயே போச்சு! பாலினாமியல்களின் வெளிக்குப் பரிமாணம் முடிவில்லாதது. அங்கே ஒரு பக்க இன்வர்ஸ் மறுபக்கம் பலிக்காமல் போகலாம். நாம் எழுத மறந்து மார்க்கைக் கோட்டைவிடும் அதே 'ப்ளஸ் சி'தான் ஐயா இது!

தெரியாத கேள்வி வந்தால் வாயை மூடிக்கொண்டு நிற்கக் கூடாது. மேட்ரிக்ஸ் என்றால் இரண்டுக்கு இரண்டில் போட்டுப் பார்க்கிறேன் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போட வேண்டும். இதை மனசுக்குள் பழக முடியாது; எதிரே ஓர் ஆள் வேண்டும்.

இந்த எம்.மேத்.துக்கு முதலில் எழுத்துத் தேர்வு, அதில் தேறியவர்களுக்குத்தான் இன்டர்வியூ. பி.ஈ., பி.டெக். முடித்தவர்களும் எழுதலாம். லேட்டரல் என்ட்ரியில் பி.ஈ. இரண்டாம் ஆண்டு போகிற நம் ஆட்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்க ஆள் வேண்டுமென்றால், நான் இருக்கிறேன்.