யாழ்ப்பாணத்தில் அட்டையைச் செருகினால் கொழும்புக் கணினிக்கு எப்படித் தெரிகிறது?

யாழ்ப்பாணத்தில் ஏடிஎம் இயந்திரத்தின் முன் நிற்கிறீர்கள். உங்கள் கணக்கோ ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தள்ளி, கொழும்பில் உள்ள வங்கியின் சர்வரில் இருக்கிறது. மிச்சப் பணம் இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

யாழ்ப்பாணக் கன்னாதிட்டியில் நகைக்கடை ஒன்றை நினைத்துப் பாருங்கள். வளையலுக்கு ஓடர் கொடுக்கிறீர்கள். பட்டறை வேறிடத்தில். நீங்கள் பேசுவது கடைக்காரரோடு மட்டும். அவர் அளவைச் சிட்டையில் எழுதி, எண் போட்டு அனுப்புவார். செய்த வளையல் அவர் கைக்கே வரும்.

ஏடிஎம் இயந்திரத்துக்குள்ளும் அந்தக் கடைக்காரரைப் போல ஒரு மென்பொருள் உண்டு. அது உங்கள் கோரிக்கையைச் சிட்டையாக்கி, எண் போட்டு, பிறர் படிக்க முடியாதபடி பூட்டி, சர்வரின் முகவரிக்கு அனுப்புகிறது. அங்கே அதற்குரிய பகுதி சிட்டையைப் பிரிக்கிறது. இரகசிய எண்ணையும் மிச்சத்தையும் பார்த்து விடை அனுப்புகிறது.

தூரம் தடையில்லையா? கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். 400 கிலோமீற்றரைக் கடக்க ஒரு செக்கனின் 500இல் ஒரு பங்கு போதும்!

வேறு வங்கியின் அட்டையா? 2013இல் லங்காகிளியர் நிறுவனம் தொடங்கிய பொது ஏடிஎம் இணைப்பு, சிட்டையை உரிய வங்கிக்குத் திருப்பிவிடும்.

நடுவழியில் தொடர்பு அறுந்தால்? சிட்டை எண்தான் காவல். இயந்திரம் அதே எண்ணோடு சிட்டையை மறுபடி அனுப்பினால், சர்வர் இரண்டாம் முறை பணத்தைக் கழிக்காது.