ரம் பீப்பாய்க்கு ஈடாக வந்த சிறுவன்

யேல் பல்கலைக்கழகத்தின் பெயர் சென்னைக்கு அந்நியமல்ல. 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்த எலிஹு யேல், 1718-ல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குப் புத்தகங்களும் துணி மூட்டைகளும் அனுப்பினார். கல்லூரி அவர் பெயரையே வைத்துக்கொண்டது. 1778-ல் அதன் தலைவராகி, 1795-ல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தவர் எஸ்ரா ஸ்டைல்ஸ் என்ற போதகர். படித்தவன் தவறைத் தானே உணர்ந்து திருந்திவிடுவான் என்று நம்புகிறவர்கள் இவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

1727-ல் பிறந்த ஸ்டைல்ஸுக்கு அறிவுப் பசி அடங்கவே இல்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் தந்த கருவியை வைத்து மின்சாரச் சோதனை செய்தார், பட்டுப்புழு வளர்த்தார், 1769-ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்ததைக் கணித்துப் பதிந்தார். நாற்பது வயதை நெருங்கும்போது எபிரேயம் கற்கத் தொடங்கினார். 1773-ல் ரோட் தீவின் நியூபோர்ட் நகருக்கு வந்த யூத அறிஞர் காரிகலோடு மணிக்கணக்கில் வேதம் பேசினார். மாற்று மதத்தவரின் தொழுகைக்குப் போய் உட்கார்ந்து கேட்ட கிறிஸ்தவப் போதகர்கள் அக்காலத்தில் அரிது.

ஆனால் அதே நியூபோர்ட் அடிமை வணிகத்தின் பெரிய துறைமுகம். அங்கே போதகராகப் பொறுப்பேற்ற மறு ஆண்டே, 1756-ல், ஆப்பிரிக்கா செல்லும் கப்பலில் ஒரு பீப்பாய் ரம் ஏற்றிவிட்டார் ஸ்டைல்ஸ். ஈடாக வந்தவன் ஒரு சிறுவன். ஊரின் பெயரையே அவனுக்கும் சூட்டினார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் அவன் அவர் வீட்டு அடிமை.

'அந்தக் காலம் அப்படி' என்று சிலர் சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானம் இங்கே செல்லாது. அதே ஊரில் இன்னொரு சபையின் போதகரான சாமுவேல் ஹாப்கின்ஸ் அடிமைமுறையை வெளிப்படையாகக் கண்டித்தார். ஏன், 1773-ல் அவரோடு சேர்ந்து அடிமை வணிகத்தைச் சாடும் சுற்றறிக்கையில் ஸ்டைல்ஸே கையெழுத்திட்டார். அப்போதும் நியூபோர்ட் அவர் வீட்டில்தான் இருந்தான். அறியாமை என்று சொல்ல இதில் இடமில்லை. அறிந்ததைத் தன் வீட்டுக்குள் செயல்படுத்த அவருக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன.

யேலுக்குப் புறப்படும் நேரத்தில், 1778-ல், விடுதலை கொடுத்தாரே என்பது நியாயமான பதில்தான். 1790-ல் கனெக்டிகட்டில் அடிமை ஒழிப்புச் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். இந்த மாற்றம் பொய்யல்ல; அதை வேடம் என்று ஒதுக்குவது அநியாயம். ஆனாலும் இடையில் 1782 இருக்கிறது. பிழைக்க வழி தேடித் திரும்பி வந்த நியூபோர்ட்டையும் அவனுடைய மனைவியையும் ஆண்டுக்கு இருபது டாலர் கூலிக்கு அமர்த்திய ஸ்டைல்ஸ், அவர்களின் இரண்டு வயது மகன் ஜேக்கப் இருபத்திநான்கு வயதுவரை தமக்கு ஊழியம் செய்ய ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். சட்டப்படி அது அடிமைத்தனம் அல்ல. அந்தக் குழந்தையிடம் சம்மதம் கேட்க முடிந்திருக்காது என்பதும் உண்மை.

ஆகவே ஸ்டைல்ஸை அரக்கன் என்பதும் தவறு, விடுதலை வீரர் என்பதும் மிகை. தாமதமாகத் திருந்தியவர், அதையும் அரைகுறையாகச் செய்தவர் என்பதே என் கணிப்பு. அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அங்குள்ள மாணவர் உறைவிடக் கல்லூரிகளில் ஒன்று இன்றும் எஸ்ரா ஸ்டைல்ஸ் பெயரில்தான் இயங்குகிறது.