படச் சட்டம் வெட்டும் பழைய கருவிகளை வாங்குமுன்

லயத்து வீடு எத்தனை சிறியதாக இருந்தாலும் அதன் சுவரில் சாமி படம், கல்யாணப் படம், மறைந்த தாத்தாவின் படம், மகளின் பட்டமளிப்புப் படம் என்று வரிசையாக மாட்டியிருக்கும். இவற்றுக்குச் சட்டம் போடுவது நல்ல கைத்தொழில். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பல தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாகவும் மாறிவிட்ட இக்காலத்தில், என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இத்தொழிலில் இறங்க விரும்புகிறார்கள். புதுக் கருவி வாங்க வசதி இல்லை. பழையதைத் தேடி ஈப்போவுக்குப் போகிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு கணக்கு. ஒரு சட்டத்துக்கு நான்கு கட்டைகள். ஒவ்வொரு கட்டையின் இரு முனைகளையும் 45 பாகை சாய்வாக வெட்ட வேண்டும். ஆக மொத்தம் எட்டு வெட்டு. கருவி அரைப் பாகை பிசகினால் எட்டு வெட்டிலும் சேர்ந்து நான்கு பாகை ஆகிவிடும். மூன்று மூலைகளை இறுக்கி ஒட்டினால், நான்காவது மூலை வாய் பிளந்து நிற்கும். இரண்டு அங்குல அகலக் கட்டையில் அந்தப் பிளவு மூன்று மில்லிமீட்டருக்கும் அதிகம். பால்வெட்டுக் கோட்டின் சரிவு பிசகினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கேயும் சாய்வுதான் உயிர்.

ஆகவே கடைக்குப் போகும்போது மூலைமட்டம் ஒன்றையும், உங்கள் சொந்தக் கட்டை ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். விற்பவர் மெல்லிய, மிருதுவான கட்டையை வெட்டிக் காட்டுவார். அது எதிலும் அழகாக வெட்டுப்படும். நீங்கள் பால்மரக் கட்டையைக் கொடுங்கள். நம் பேராக்கில், கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டிலேயே பால்மரக் கன்றுகளை நட்டார்கள். ஆனால் பால் வற்றிய மரம் நெடுங்காலம் விறகாகவே போயிற்று. பிறகுதான், அறுத்தவுடன் மருந்திட்டு உலர்த்தினால் பூசணமும் வண்டும் அண்டாது என்று கண்டு, மேசை நாற்காலிகளுக்கும் சட்டங்களுக்கும் பயன்படுத்தலானார்கள். அது ஓரளவு கடினமான மரம். கருவியின் குறையை மறைக்காது.

எட்டு வெட்டையும் வெட்டி, சிறிய சட்டமாகத் தரையில் சேர்த்துப் பாருங்கள். எதிரெதிர்க் கட்டைகள் ஒரே நீளமா? நான்கு மூலைகளும் ஒளி புகாமல் பொருந்துகின்றனவா? இந்த ஒரு சோதனை பத்துப் பேச்சுக்குச் சமம்.

இனி, கருவிகளை இரண்டு வகையாகச் சொல்கிறேன்.

ஒன்று, காலால் மிதித்து வெட்டும் இயந்திரம். டென்மார்க்கு நாட்டு மோர்சோ இயந்திரம் இவ்வகையில் பெயர் பெற்றது. செங்கோணமாக நிற்கும் இரண்டு கத்திகள் இறங்கி, இரு முனைகளையும் ஒரே முறையில் வெட்டிவிடும். மின்சாரம் வேண்டாம், வெட்டிய முகம் வழவழப்பாக இருக்கும். ஒரே மிதியில் வெட்டிவிடக் கூடாது. சிறிது சிறிதாக நகர்த்தி, கடைசியில் மெல்லியதாகச் சீவ வேண்டும். வாங்கும்போது கத்தி முனையை விரலால் தடவாதீர்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள். அதில் கோடு எழும்பியிருந்தால் கத்தியில் பல் விழுந்திருக்கிறது. இரண்டு கத்திகளும் ஒரே ஜோடியா, தீட்டித் தீட்டிக் குறுகிவிட்டனவா என்று கவனியுங்கள். வார்ப்பிரும்பு உடலில் விரிசலோ ஒட்டுப்போட்ட தழும்போ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். இக்கத்திகளைச் சாணைக்கல்லில் கையால் தீட்ட முடியாது. தீட்டித் தருபவர் யார் என்று முன்பே விசாரியுங்கள்.

மற்றொன்று மின்வாள். சொருகியைப் பிடுங்கிவிட்டு, வாளின் கையைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் சாய்வு ஒருநாளும் நிலைக்காது. வட்டவாளைக் கையுறை போட்டுச் சுற்றுங்கள், தள்ளாடக் கூடாது. வாளை மூடும் காப்பு தானாக இறங்க வேண்டும். காப்பைக் கழற்றிவிட்ட வாளை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். விரல் போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது.

அடுத்து, அதன் தகட்டில் எழுதியுள்ள வோல்ட்டைப் படியுங்கள். எங்கள் உறவினர் ஒருவர், தோட்டத்தை விட்டபோது கிடைத்த பணத்தில் ஜப்பானிலிருந்து வந்த பழைய மின்வாளை வாங்கினார். கடையில் நன்றாக ஓடியது. வீட்டில் சொருகினார்; சில நிமிடங்களில் புகைந்து போயிற்று. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்டு, இங்கே 230. கடையில் மின்மாற்றி வைத்து ஓட்டியதை யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முப்பது வருட உழைப்பின் ஒரு பங்கு அன்று கருகியது. அதுபோல, மும்முனை மின்சாரத்தில் ஓடும் தொழிற்சாலை இயந்திரமும் சாதாரண வீட்டில் ஓடாது.

கடைசியாக, விலையை எப்படிப் பார்ப்பது? கேட்கும் தொகையோடு கத்தி தீட்டும் கூலி, மின்மாற்றி, லோரி வாடகை எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் உண்மையான விலை. அது புதியதன் விலையை நெருங்கினால் பழையது லாபமில்லை. அப்போது, சாய்வைப் பூட்டி வைக்கும் கைவாள் ஒன்றோடு தொழிலைத் தொடங்கலாம். மாதம் சில சட்டங்கள் செய்வோருக்கு அதுவே போதும்.

எட்டு வெட்டையும் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: அளந்து பார்க்க வெட்கப்படுகிறவன் பிறகு அழுது பார்க்க வேண்டிவரும்.