முயலின் திருப்பம்

ஐரோப்பியப் பழுப்பு முயல், குழிமுயலைப் போல வளை தோண்டி அதற்குள் புகுந்துகொள்வதில்லை. திறந்த வயல்வெளியில் தரையைச் சற்றே பறித்து அமைத்த ஆழமற்ற படுக்கையில், காதுகளை முதுகோடு ஒட்டவைத்து அசையாமல் கிடப்பதே அதன் முதல் தற்காப்பாகும். தலையின் இரு பக்கங்களிலும் அமைந்த கண்களால், தலையைத் திருப்பாமலேயே ஏறத்தாழ நாற்புறமும் காண அதற்கு இயலும் என்பதால், பகை நெருங்குவதை அறிந்தும் அது கடைசிக் கணம்வரை பொறுத்திருந்து, பின்னரே எழுந்து ஓடுகிறது. நெடிய பின்னங்கால்கள் இவ்வோட்டத்துக்கு உதவுகின்றன. குழிமுயலின் இதயம் உடல் எடையில் 0.3 விழுக்காடு அளவே இருக்க, பழுப்பு முயலின் இதயம் 1 முதல் 1.8 விழுக்காடு வரை இருப்பது அதன் தாக்குப்பிடிக்கும் ஆற்றலை விளக்குகிறது.

ஆயினும் கிரேஹவுண்ட் போன்ற, கண்ணால் கண்டு துரத்தும் நாயிடம் நேர்கோட்டு ஓட்டம் மட்டும் முயலைக் காப்பாற்றாது. மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டி ஓடக்கூடிய அந்நாய் சில நூறு மீட்டருக்குள் இடைவெளியைக் குறைத்துவிடும்; அப்போது முயல் கூர்மையாகத் திரும்புகிறது. மூன்று, நான்கு கிலோ எடையுள்ள முயல் சிறு வட்டத்தில் திரும்பிவிட, அதைப்போல் பல மடங்கு எடையுள்ள நாயோ தன் வேகத்தாலேயே முன்னே இழுத்துச் செல்லப்பட்டு, அகன்ற வளைவில் சுற்றிவர நேர்கிறது. இத்தந்திரத்தின் உயிர் அதன் காலக்கணிப்பில் உள்ளது. மிக முன்னதாகத் திரும்பினால் நாய் குறுக்கே பாய்ந்து மறித்துக்கொள்ளும், சற்றே தாமதித்தாலோ பல் பட்டுவிடும். திருப்பத்துக்குத் திருப்பம் நாய் களைப்படைய, முயல் தான் நன்கறிந்த வேலி இடுக்கையோ புதரையோ நாடிப் போய்விடுகிறது.

இங்கிலாந்தில் நடைபெற்ற முயல் துரத்தும் போட்டிகளின் விதிகளே இத்திருப்பத்தின் முதன்மைக்குச் சான்று. முயலை முன்னே ஓடவிட்டு, அதன்பின் இரண்டு நாய்களை ஒருசேர அவிழ்த்துவிடும் அப்போட்டியில், முயலைக் கொல்வது மட்டுமே வெற்றியாகாது. நாய் நெருக்கியதால் முயல் செங்கோணத்துக்குக் குறையாமல் திரும்பினால் 1 புள்ளியும், அதனினும் குறைவாக விலகினால் அரைப் புள்ளியும் வழங்கப்பட்டன. லிவர்பூலுக்கு அருகே ஆல்ட்காரில் 1836இல் தொடங்கிய வாட்டர்லூ கோப்பை என்னும் இவ்வகைப் போட்டி, 2004ஆம் ஆண்டின் வேட்டைத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2005உடன் நின்றுபோயிற்று. தப்பிய முயல்களே மிகுதி என்று ஆதரவாளர்கள் வாதிட்டது உண்மையே எனினும், இரு நாய்களின் பிடியில் சிக்கிய முயலுக்கு அந்தக் கணக்கால் ஆறுதல் இல்லை.

முயல் ஒன்று வேட்டைநாய்களை எதிர்த்துத் துரத்திய மண்ணென்று பாஞ்சாலங்குறிச்சிக்கும் விஜயநகரத்துக்கும் வழங்கும் கதைகள் தமிழ் வாசகர் அறிந்தவையே. திடீரெனத் திரும்பிய முயல், நாய் வந்த திசையிலேயே அதனைக் கடந்து ஓடுவதைக் கண்டவர்களுக்கு இத்தகைய கதை முற்றிலும் விந்தையாகத் தோன்றியிராது.

மோப்பத்தால் தொடரும் பீகிள் போன்ற நாய்களிடம் முயல் வேறு வழியைக் கையாளுகிறது. அவை மெதுவாயினும் விடாது தொடர்பவை என்பதால், முயல் தன் வாழிடத்துக்குள்ளேயே பெருவட்டமாக ஓடி, வந்த தடத்திலேயே சிறிது தொலைவு திரும்பி நடந்து, பின் பக்கவாட்டில் நெடுந்தாவலாகத் தாவி, மோப்பத்தின் தொடர்ச்சியை அறுத்துவிடுகிறது.

நரியிடமோ முயல் ஓடுவதே அரிது. 1993இல் வெளியான ஹோலி என்பவரின் ஆய்வின்படி, திறந்த வெளியில் நரி ஏறக்குறைய 50 மீட்டருக்குள் வந்ததும், முயல் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று அதனை நேர்நோக்குகிறது. பதுங்கிவந்து பாயும் நரிக்கு, தான் கண்டுகொள்ளப்பட்டதை உணர்ந்தபின் துரத்துவது வீண்முயற்சி. ஆகவே அது பெரும்பாலும் விலகிச் செல்ல, இருவருக்கும் ஓட்டம் மிச்சமாகிறது. நெடுந்தொலைவு துரத்தும் இயல்புடைய நாயின் முன் முயல் அவ்வாறு நிமிர்ந்து நிற்பதில்லை.