வாக்குறுதியின் வினைமுற்று

தேர்தல் பரப்புரைக் காலத்தில் நம் நாளிதழ்த் தலைப்புகளில் மிகுதியாகக் காணப்படும் சொற்களுள் ஒன்று 'உறுதி'. தமிழ்ப்பள்ளிக்குப் புதிய கட்டடம்: அமைச்சர் உறுதி. தோட்ட மக்களுக்கு வீடு: வேட்பாளர் உறுதி. இத்தகைய தலைப்பைக் கண்டவுடன், பேசியவர் உண்மையில் எந்த வினைச்சொல்லை ஆண்டார் என்று தேடுவது மொழியியல் பயின்றவர்களின் பழக்கம். பெரும்பாலும் அவர் மலாயில் பேசியிருப்பார். 'பெர்ஜஞ்சி' என்று சொல்லியிருந்தால் அது வாக்களித்தல். 'பெர்ஹஸ்ராட்' என்றால் எண்ணம் கொண்டிருத்தல். 'பெருசஹா' என்றால் முயலுதல். 'அக்கான் டிபெர்திம்பாங்கான்' என்றால் ஆய்ந்து பார்க்கப்படும் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. இந்த நான்கும் தமிழ்ச் செய்தியில் 'உறுதியளித்தார்' என்னும் ஒரே வினைமுற்றாகிவிடுகின்றன. அரசியல்வாதிகள் வாக்குறுதியைக் காப்பாற்றுகிறார்களா என்று கேட்பதற்கு முன், அவர்கள் அளித்தது வாக்குறுதிதானா என்று கேட்டாக வேண்டும். செய்தியாளரின் பணி அந்த இடத்தில் தொடங்குகிறது.

சில கூற்றுகள் செய்தியை மட்டும் சொல்வதில்லை, சொல்லும்போதே ஒரு செயலைச் செய்து முடிக்கின்றன என்பதை ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளில் விளக்கினார். 'வாக்களிக்கிறேன்' என்பது அவற்றுள் ஒன்று. அவர் வழிவந்த ஜான் சேர்ல் 1969-இல் வெளியிட்ட நூலில் வாக்களித்தலுக்குரிய கட்டளைகளை வகுத்தார். வாக்குறுதி வருங்காலச் செயலைப் பற்றியதாக இருக்க வேண்டும். அச்செயல் சொல்பவரே செய்வதாக இருக்க வேண்டும். அது கேட்பவர் விரும்புவதாக இருக்க வேண்டும். அதைச் செய்யும் கடப்பாட்டைச் சொல்பவர் ஏற்க வேண்டும். இவ்வளவையால் அளந்தால், 'நம் சமுதாயம் முன்னேறும்' என்பது வாக்குறுதி ஆகாது. அது எதிர்காலக் கணிப்பு. 'மற்றவர்கள் உங்களை ஏமாற்றினார்கள்' என்பதும் ஆகாது. ஒரு மணி நேரத் தேர்தல் உரையில் இவற்றைக் கழித்துவிட்டால் எஞ்சும் வாக்குறுதிகள் சிலவாகவே இருக்கும்.

தமிழ் இதில் நமக்குப் பெருந்துணை. 'தருவேன்' என்னும் சொல்லின் விகுதியிலேயே தருபவர் நிற்கிறார். 'தருவோம்' என்பதில் அவர் கூட்டத்துள் கலந்து நிற்கிறார். 'தரப்படும்' என்னும் செயப்பாட்டுவினையில் அவர் முற்றாக மறைந்துவிடுகிறார். 'ஆவன செய்யப்படும்' என்னும் அலுவலகத் தொடரில் செய்பவரும் இல்லை, செய்யப்படும் பொருளும் இல்லை. எஞ்சுவது காலம் காட்டும் ஓர் உருபு மட்டுமே. தம்மிடம் மனுவோடு வந்தவர்களிடம் 'ஆகட்டும் பார்க்கலாம்' என்று சொல்வது காமராசரின் வழக்கம் என்பர். அத்தொடர் எதையும் வாக்களிக்கவில்லை. வாக்களித்தது போல் நடிக்கவும் இல்லை. அந்த நேர்மைக்காகவே அது இன்றும் நினைவுகூரப்படுகிறது என நான் கருதுகிறேன்.

நம் செய்தியாளர்கள் வினைச்சொல்லை உயர்த்தி எழுதுவதற்குத் தீய நோக்கம் காரணமன்று. மொழிபெயர்ப்பில் அவசரம் உண்டு. வாசகரின் ஏக்கமும் உண்டு. அது செய்தியாளரின் ஏக்கமும்தான். சொல்லளவில் ஒரு நுட்பமும் இதில் கலந்திருக்கிறது. மலாயில் 'ஹராப்பான்' என்பது எதிர்பார்ப்பையும், 'கெப்பெர்ச்சாயாஆன்' என்பது ஒருவர்மீது வைக்கும் பற்றுறுதியையும் குறிக்கும். தமிழில் இரண்டும் 'நம்பிக்கை'. 2013 பொதுத்தேர்தலுக்கு முந்திய ஆண்டுகளில் பிரதமர் நஜிப் இந்தியர் கூட்டங்களில் இந்தத் தமிழ்ச்சொல்லையே முழக்கமாக்கினார். 2018-இல் பக்காத்தான் ஹராப்பான் தமிழ் ஏடுகளில் 'நம்பிக்கைக் கூட்டணி' ஆயிற்று. எதிர்பார்க்கிறோம் என்பதும் நம்புகிறோம் என்பதும் ஒரே சொல்லாய் இருக்கும் மொழியில் எழுதுபவருக்குக் கூடுதல் விழிப்பு தேவை.

2018 பொதுத்தேர்தலையே சான்றாகக் கொள்வோம். பக்காத்தான் ஹராப்பானின் அறிக்கையில் 60 வாக்குறுதிகள் இருந்தன. அவற்றுள் 10 முதல் 100 நாளில் நிறைவேறும் எனப்பட்டது. வெல்வோம் என எதிர்பார்க்காமலே தடித்ததோர் அறிக்கையை உருவாக்கிவிட்டோம் என்று பிரதமர் மகாதீர் பின்னர் கூறியது பெரிதும் பேசப்பட்டது. எனினும் பொருள் சேவை வரியை நீக்குவோம் என்னும் வாக்குறுதியைச் சோதிப்பது எளிதாயிருந்தது. மே 9-இல் தேர்தல் நடந்தது. ஜூன் 1-இல் அவ்வரி சுழியமாயிற்று. செப்டம்பர் 1-இல் விற்பனை சேவை வரி மீண்டும் வந்தது. நாளும் விழுக்காடும் கண்முன் இருந்தமையால் நிறைவேறியதா என்பதில் ஐயமில்லை. பயன் என்ன என்பதில்தான் வழக்கு.

இந்தியர்களின் குடியுரிமைச் சிக்கலை 100 நாளில் தீர்ப்போம் என்னும் வாக்குறுதி அத்தகையதன்று. நாடற்ற இந்தியர் மூன்று லட்சம் பேர் என்னும் எண் எதிர்க்கட்சி மேடைகளில் நெடுங்காலம் ஒலித்து வந்தது. ஆட்சி மாறிய பின் அதே ஆண்டில் மகாதீர் அறிவித்த எண் 3,407. அறுபது வயதைக் கடந்தவர்கள், சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்கள், தகுதிகளை நிறைவு செய்தால் குடியுரிமை பெறுவார்கள் என்பது அறிவிப்பு. இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, ஒன்று பொய் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அவை ஒரே மக்களைக் குறிப்பன அல்ல. சிவப்பு அட்டை வைத்திருப்பவர் சட்டப்படி நிரந்தரவாசி. பிறப்புப் பத்திரமே இல்லாமல் வளர்ந்த தோட்டத்துப் பிள்ளையின் நிலை வேறு; அவரிடம் எந்த அட்டையும் இருப்பதில்லை. மேடையில் ஒலித்த சொல் 'நாடற்றோர்'. அறிவிப்பில் வந்த சொல் 'சிவப்பு அட்டையினர்'. சொல் மாறியபோது வாக்குறுதியின் எல்லை சுருங்கியது. அதைச் சுட்டிக்காட்டுவதற்குப் புலனாய்வு வேண்டியதில்லை. இரண்டு செய்திகளையும் பொறுமையாகப் படித்தாலே போதும்.

'தகுதிகளை நிறைவு செய்தால்' என்னும் நிபந்தனை எச்சத்தையும் கவனியுங்கள். கூட்டரசு அரசமைப்பின் 19-ஆம் பிரிவு இயல்புரிமை வழியாகக் குடியுரிமை கேட்பவருக்குப் போதிய மலாய் அறிவு வேண்டும் என்கிறது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வாழ்நாள் முழுதும் பால் வெட்டிய ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். தோட்டத்து லயத்திலும் கோயிலிலும் ஒத்துக் கடையிலும் அவருக்குத் தமிழே போதுமானதாக இருந்தது. அவருடைய வாக்குறுதி நிறைவேறுமா என்பது அந்தச் செயின் என்னும் எச்சத்துக்குள் அடங்கியிருக்கிறது. 'குடியுரிமை வழங்கப்படும்' என்று பெரிய எழுத்தில் தலைப்பிட்டு நிபந்தனையைக் கடைசிப் பத்தியில் வைக்கும் செய்தி அவரை ஏமாற்றுகிறது. அமைச்சர் அவரை ஏமாற்றவில்லை.

சேர்லின் கட்டளைகளுள் 'சொல்பவரே செய்வதாக' என்பது நம் நாட்டில் தனிக் கவனம் பெறத்தக்கது. அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி கல்வியும் குடியுரிமையும் கூட்டரசுக்கு உரியவை. நிலம் மாநிலத்துக்கு உரியது. பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் மக்கள் ஈப்போ, தைப்பிங் போன்ற நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்த பின், பல தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தனர். நகர்ப்பள்ளிகளில் இடம் குறைந்தது. ஒரு பள்ளியை இடம் மாற்ற வேண்டுமானால் நிலம் மாநிலத்திடமோ தோட்ட நிறுவனத்திடமோ இருக்கும். கட்டட நிதியும் ஆசிரியர் நியமனமும் கூட்டரசிடம் இருக்கும். 'புதிய பள்ளி தருவேன்' என்று மாநிலச் சட்டமன்ற வேட்பாளர் சொன்னால் அவர் தம் கையில் இல்லாததையும் சேர்த்தே தருகிறார். அந்த மேடையிலேயே, எதை நீங்கள் தருவீர்கள், எதைக் கேட்டு வாங்குவீர்கள் என்று செய்தியாளர் வினவலாம்.

நிலத்தில் சொல் இன்னும் வழுக்கும். பேராக் மாநில அரசு தமிழ்ப்பள்ளிகளின் பெயரால் 2,000 ஏக்கர் நிலம் ஒதுக்கிய செய்தி 2008-க்குப் பிந்திய ஆண்டுகளில் பெரிதும் பேசப்பட்டது. நிலம் யார் பொறுப்பில் இருக்கிறது, அதன் வருவாய் பள்ளிகளுக்கு எவ்வாறு சேரும் என்பன பின்னர் வினாக்களாயின. இங்கே 'ஒதுக்குதல்', 'ஒப்புதல்', 'வழங்குதல்' ஆகிய மூன்றையும் நாம் ஒரே பொருளில் ஆள்கிறோம். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பு அவ்வாறு ஆள்வதில்லை. ஆட்சிக்குழு ஒப்புதல் தந்த பின் 5ஏ அறிவிப்பு வரும். அதில் குறித்த தொகையைக் குறித்த காலத்துக்குள் செலுத்த வேண்டும். 'கெரான்' என நாம் சொல்லும் நிலப்பட்டா பதிவான பிறகே நிலம் சட்டப்படி கைமாறுகிறது. ஒப்புதல் கடிதத்தைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்ட நாளில் 'நிலம் வழங்கப்பட்டது' என்று எழுதினால், அச்செய்தி சில ஆண்டுகளேனும் முந்திக்கொண்டது எனலாம். கோயில் நிலங்களுக்கும் இடுகாட்டு நிலங்களுக்கும் இதுவே நடைமுறை.

இன்னொரு சிக்கல், வாக்களித்தவர் ஆட்சியிலேயே இல்லாமற்போவது. பேராக்கில் 2008 மார்ச்சில் அமைந்த பக்காத்தான் அரசு, மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் விலகியதால் 2009 பிப்ரவரியில் வீழ்ந்தது. 2020-இல் கூட்டரசில் ஆட்சி கலைந்தபோது பேராக்கிலும் ஆட்சி மாறியது. ஓராண்டும் நிறைவுபெறாத அரசை ஐந்தாண்டு அறிக்கையால் அளப்பது நேர்மையாகாது. 'எங்களுக்குக் காலம் தரப்படவில்லை' என்பதை எல்லாவற்றுக்கும் விடையாக ஏற்பதும் ஆகாது. முதலாண்டிலேயே செய்யத்தக்கவை எவை, அவற்றுள் தொடங்கப்பட்டவை எவை என்று பிரித்தால் வழக்கு தெளிவாகும்.

ராபர்ட் தாம்சனும் அவரைச் சார்ந்த ஆய்வாளர்களும் 12 நாடுகளின் 20,000-க்கும் மேற்பட்ட தேர்தல் வாக்குறுதிகளை ஆய்ந்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். தனிக்கட்சி ஆட்சிகள் கூட்டணி ஆட்சிகளைவிட வாக்குறுதிகளை மிகுதியாக நிறைவேற்றுகின்றன என்பது அவர்களின் முதன்மையான முடிவு. ஆளுங்கட்சிகள் பல வாக்குறுதிகளை முழுமையாகவோ பகுதியாகவோ நிறைவேற்றவே செய்கின்றன என்பதும் அந்த ஆய்வில் தெரிகிறது. 'எல்லாரும் பொய்யர்கள்' என்னும் தேநீர்க்கடை முடிவு தரவுக்கு ஒத்துவரவில்லை. அந்த முடிவு அரசியல்வாதிக்கு ஒருவகையில் வசதியானதுங்கூட. யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லையென்றால் அவரிடம் கணக்குக் கேட்பவரும் இருக்கமாட்டார்.

நிறைவேற்றியதெல்லாம் நன்று என்றும் கொள்ளலாகாது. தமிழ்நாட்டில் 2006 தேர்தலில் திமுக வாக்களித்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. எண்ணத்தக்க பொருளாதலால் நிறைவேற்றமும் தெளிவு. அத்தகைய இலவசங்கள் குறித்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. அறிக்கையில் இவற்றை வாக்களிப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது; ஆயினும் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. வாக்குறுதிக்கான நிதி எவ்வழியில் வரும் என்பதைக் கட்சிகள் ஓரளவு சுட்டவேண்டும் என ஆணையம் பின்னர் நெறி வகுத்தது. 'எவ்வளவு செலவு, எந்த நிதியிலிருந்து' என்னும் வினாவை எந்த ஆணையமும் இல்லாமலே நம் செய்தியாளர்கள் கேட்கலாம்.

அமெரிக்காவில் ஒபாமாவின் 500-க்கும் மேற்பட்ட வாக்குறுதிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பதிந்த இதழியல் முயற்சி புகழ்பெற்றது. 2018-க்குப் பின் நம் நாட்டிலும் அத்தகைய இணையப் பதிவுகள் தோன்றின. அவை கோலாலம்பூரில் அச்சிட்ட அறிக்கையைத்தான் பின்தொடர்கின்றன. சுங்கை சிப்புட்டிலோ பாகான் டத்தோவிலோ கோயில் மண்டபத்தில் தமிழில் சொன்ன சொல் அவற்றில் ஏறுவதில்லை. அதைப் பதிபவர் வட்டாரத் தமிழ்ச் செய்தியாளர் ஒருவரே. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றது. அதன் பழைய இதழ்கள் நூலகங்களில் இருக்கும்வரை, தோட்ட மக்களுக்கு எந்தத் தேர்தலில் யார் என்ன சொன்னார் என்பதை ஒரு மாணவர் இன்றும் தேடி எடுக்கலாம். இன்று குரல்பதிவாகவும் முகநூல் நேரலையாகவும் போகும் உரைகளுக்கு அந்தப் பாதுகாப்பில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தலின்போது நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களிடம் தங்கள் தொகுதியின் செய்திகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். பேசியவர் பெயர், நாள், இடம், மூலமொழியில் அவர் ஆண்ட வினைச்சொல், செய்தி ஆண்ட வினைச்சொல், செய்யும் அதிகாரம் யாரிடம், நிபந்தனை உண்டா, காலவரை உண்டா என்று நிரல்கள் போட்டால் ஒரு குறிப்பேடு போதும். அதைத் தேர்தல் முடிந்ததும் பழைய தாள்காரரிடம் போட்டுவிடாமல் பள்ளி நூலகத்தில் வைத்து, அடுத்தடுத்த ஆண்டு மாணவர்கள் கடைசி நிரலை நிரப்பட்டும்.