மீநாயகர் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் மாந்தர் படைப்பின் எளிமை: குறையின் இடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மேசையைச் சுற்றி அமர்ந்து உரையாடல்வழி ஆடப்பெறும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில், ஆடுவோர் ஒவ்வொருவரும் தமக்குரிய கதைமாந்தரைத் தாமே படைத்துக்கொள்கின்றனர். மீநாயகர் கதைகளை அடிப்படையாகக் கொண்ட அமெரிக்க விளையாட்டுகள் இப்படைப்புச் செயலுக்கு வகுத்துள்ள விதிமுறைகளை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. படைப்பின் எளிமையைப் படிநிலைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் பொருந்தாது என்பதும், கதைமாந்தரின் குறையை ஒரு விளையாட்டு எவ்விடத்தில் வைக்கிறது என்பதே அவ்வெளிமையின் தன்மையைத் தீர்மானிக்கிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, மீநாயகர், மாந்தர் படைப்பு, குறை, புள்ளிமுறை, வகைமாதிரி.

முன்னுரை

இலக்கியத் திறனாய்வில் பாத்திரப் படைப்பு என்பது படைப்பாளியின் திறனாகவே பேசப்பட்டு வருகிறது. கதைமாந்தரைப் படைப்பதற்கு வெளிப்படையான விதிநூல் ஒன்று இருப்பதாகத் திறனாய்வாளர் கருதுவதில்லை. பாத்திரமேற்பு விளையாட்டுகளோ இதற்கு மாறானவை. கதைமாந்தரை எவ்வாறு தொடங்குவது, எவ்வளவு ஆற்றல் வழங்குவது, எக்குறையைச் சேர்ப்பது என்பனவெல்லாம் அவற்றில் எழுதப்பட்ட விதிகளாக உள்ளன. எழுத்துப் பயிற்சி இல்லாத ஒருவரும் அவ்விதிகளைப் பின்பற்றிச் சில மணி நேரத்தில் ஒரு மாந்தரைப் படைத்து, அவராகப் பேசத் தொடங்கிவிட முடிகிறது.

சூப்பர் ஹீரோ என வழங்கும் மீநாயகரைப் படைப்பது இவ்விளையாட்டுகளில் எளிதா, கடினமா என்பது ஆடுவோரிடையே நெடுங்காலமாக நிலவும் விவாதம். அவ்விவாதம் பெரும்பாலும் நேரத்தையும் கணக்கையும் பற்றியதாகவே அமைகிறது. ஆனால் அதன் அடியில் இலக்கியத் திறனாய்வுக்குரிய வினா ஒன்று உள்ளது. விதிகளால் உருவாக்கப்படுவது கதைமாந்தரா, ஆற்றல்களின் பட்டியலா என்பதே அவ்வினா.

1. தொழில்வகை முறையின் போதாமை

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கி 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுகளின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அதில் மாந்தர் படைப்பு மிகச் சுருக்கமானது. ஆறு இயல்புகளுக்கும் மும்மூன்று பகடைகள் உருட்டப்படும். பின்னர் வீரர், மந்திரவாதி, சமயகுரு என்னும் மூன்று தொழில்வகைகளுள் ஒன்று தெரிவு செய்யப்படும். ஒருவரின் தொழிலை அறிந்தால் அவரால் ஆற்றக்கூடிய செயல்களை ஏறத்தாழ அறிந்துவிடலாம்.

மீநாயகர் உலகில் இம்முறை பொருந்துவதில்லை. 1938இல் தோன்றிய சூப்பர்மேனையும் 1962இல் தோன்றிய ஸ்பைடர்மேனையும் ஒரே தொழில்வகைக்குள் அடக்க இயலாது. ஒருவர் வேற்றுக்கோளில் பிறந்தவர். மற்றவர் சிலந்திக் கடியால் ஆற்றல் பெற்ற மாணவர். மீநாயகர் ஒவ்வொருவரும் தமக்கே உரிய ஆற்றலால் அறியப்படுவதால், ஆற்றல்களின் எல்லையற்ற வகைகளை எல்லைக்குட்பட்ட விதிகளால் எவ்வாறு உருவாக்குவது என்பது இத்துறையின் அடிப்படைச் சிக்கலாயிற்று. டொனால்ட் சாக்ஸ்மனின் 'சூப்பர்ஹீரோ: 2044' என்னும் 1977ஆம் ஆண்டு விளையாட்டு தொடங்கிப் பலரும் இச்சிக்கலுக்கு விடை தேடினர். அவ்விடைகளை முறையே பகடைவழிப் படைப்பு, புள்ளிவழிப் படைப்பு, வகைமாதிரிவழிப் படைப்பு என மூன்றாகப் பகுக்கலாம்.

2. பகடைவழிப் படைப்பு

ஜெஃப் டீ, ஜாக் ஹெர்மன் ஆகியோர் உருவாக்கிய 'வில்லன்ஸ் அண்ட் விஜிலன்டீஸ்' (1979) மாந்தரின் தொடக்கப் புள்ளியாக ஆடுவோரையே கொள்கிறது. ஆடுபவர் தம் வலிமை, அறிவு முதலியவற்றை மதிப்பிட்டு அவற்றையே தம் மாந்தருக்கும் வைத்துக்கொள்வார். ஆற்றல்கள் மட்டும் பகடையால் அமையும். தன் வாழ்வின் நடுவே எதிர்பாராத ஆற்றலைப் பெறும் சாதாரண மனிதன் என்னும் மீநாயகக் கதையின் தொடக்க நிகழ்வு இங்கு விதியாகவே மாற்றப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

ஜெஃப் கிரப் வடிவமைப்பில் 1984இல் வெளிவந்த 'மார்வெல் சூப்பர் ஹீரோஸ்' இம்முறையை மேலும் எளிமையாக்கியது. போர்த்திறன், விரைவு, வலிமை, தாங்குதிறன், பகுத்தறிவு, உள்ளுணர்வு, மனவுறுதி என ஏழு இயல்புகள் அதில் உள்ளன. நூறு வரை எண் தரும் பகடை ஒவ்வொன்றின் தரத்தையும் முடிவு செய்யும். தரங்களுக்கு எண்ணுடன் அடைமொழியும் உண்டு. 'டிபிகல்' என்பது 6, 'எக்ஸலன்ட்' 20, 'இன்கிரெடிபிள்' 40, 'அமேசிங்' 50 என அவை செல்கின்றன. இவற்றுள் இறுதி இரண்டும் மார்வெல் இதழ்த் தலைப்புகளில் ஹல்க், ஸ்பைடர்மேன் ஆகியோர்க்கு முன் நிற்கும் அடைமொழிகளே. வாசகர் அறிந்த புகழ்மொழி அளவுகோலாக மாறியதால், புதிதாக ஆட வந்தவரும் விதிநூலை முழுமையாகக் கற்காமலே தம் மாந்தரின் தகுதியை உணர முடிந்தது.

பகடைவழிப் படைப்பில் தெரிவுகள் குறைவு. ஆதலால் அது விரைவில் முடிகிறது. எனினும் இடர்ப்பாடு முற்றிலும் நீங்குவதில்லை. நெருப்பை எழுப்பும் ஆற்றலும் விலங்குகளோடு பேசும் ஆற்றலும் ஒருவருக்கே வாய்க்குமாயின், அவற்றை இணைக்கும் பிறப்புக் கதையை ஆடுபவரே கற்பித்தாக வேண்டும். இங்கு உழைப்பு தெரிவிலிருந்து பொருள்கோளுக்கு இடம்பெயர்கிறது. மனத்தில் முன்னரே ஒரு மாந்தரைக் கருக்கொண்டு வருபவருக்கு இம்முறை உதவாது. எக்கருவும் இன்றி வருபவருக்கே இது எளிது.

3. புள்ளிவழிப் படைப்பு

கருக்கொண்ட மாந்தரை உள்ளவாறே படைக்க வேண்டும் என்னும் விருப்பத்திற்கு விடையாக ஜார்ஜ் மெக்டொனால்ட், ஸ்டீவ் பீட்டர்சன் ஆகியோரின் 'சாம்பியன்ஸ்' 1981இல் வெளிவந்தது. இதில் பகடையால் எதுவும் அமைவதில்லை. ஒவ்வோர் இயல்பும் ஒவ்வோர் ஆற்றலும் புள்ளி கொடுத்து வாங்கப்படும். விதிநூல் ஆற்றலின் விளைவை மட்டுமே வரையறுக்கிறது. அவ்விளைவு மின்னலா, பனியா, ஒலியா என்பது ஆடுபவரின் விருப்பம். வடிவையும் விளைவையும் இவ்வாறு பிரித்தமையே எல்லையற்ற வகைகளை எல்லைக்குட்பட்ட விதிகளுக்குள் கொண்டுவந்தது.

1989ஆம் ஆண்டு வெளிவந்த நான்காம் பதிப்பின் கணக்கு ஒன்றை எடுத்துக்காட்டாகக் காணலாம். தொலைவிலிருந்து தாக்கும் ஆற்றலுக்கு ஒரு பகடைக்கு 5 புள்ளி விலை. பத்துப் பகடைக்கு 50 புள்ளி. கவசத்தைத் துளைக்கும் சிறப்பைச் சேர்த்தால் விலையில் பாதி கூடி 75 ஆகும். அவ்வாற்றல் பிறர் பறித்துவிடக்கூடிய ஒரு கோலிலிருந்தே எழும் எனக் கட்டுப்பாடு விதித்தால் 75ஐ இரண்டால் வகுக்க வேண்டும். வரும் 37½ ஆடுபவருக்குச் சாதகமாக 37 ஆகக் குறைக்கப்படும். மாந்தர் ஒருவருக்கு இத்தகைய கணக்குகள் பல தேவைப்படும்.

இம்முறை கடினமானது என்னும் கருத்துக்கு இக்கணக்கே காரணமாகக் கூறப்படுகிறது. ஆனால் 'ஹீரோ டிசைனர்' போன்ற கணினி நிரல்கள் கணக்கிடும் சுமையைத் தாமே ஏற்றுக்கொண்ட பின்னரும் புதியவரின் தயக்கம் நீங்கிவிடுவதில்லை. கூட்டலும் வகுத்தலும் அத்தயக்கத்தின் முழுக் காரணம் அல்ல. ஒவ்வொரு தெரிவும் ஆட்டத்தில் என்ன விளைவைத் தரும் என்பதை ஆடத் தொடங்கும் முன்னரே அறிந்திருக்க வேண்டியுள்ளது. மொழியைப் பேசும் முன் அதன் இலக்கணம் முழுவதையும் கற்க வேண்டிய நிலையோடு இதனை ஒப்பிடலாம். விதியறிந்தவருக்கு இதுவே மிகுந்த உரிமையைத் தரும் முறை. விதியறியாதவரை இது வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது.

4. குறைக்கு விலை

'சாம்பியன்ஸ்' விளையாட்டின் மற்றொரு கூறு கூடுதல் கவனத்திற்குரியது. நான்காம் பதிப்பில் மீநாயகர் ஒருவருக்கு அடிப்படையாக 100 புள்ளிகளே வழங்கப்படும். மேலும் 150 புள்ளிகள் வரை வேண்டுமாயின், மாந்தருக்குக் குறைகளைச் சேர்த்தே அவற்றைப் பெற முடியும். துரத்தும் பகைவன், காக்கப்பட வேண்டிய உறவினர், வெளிப்படக் கூடாத அடையாளம், கொலை செய்வதில்லை என்னும் உறுதி முதலியன ஒவ்வொன்றும் குறிப்பிட்ட புள்ளியைத் தரும்.

மீநாயகக் கதையின் உயிர்நிலையை இவ்விதி சரியாகவே உணர்ந்துள்ளது. ஸ்பைடர்மேன் வாசகர் மனத்தில் நிலைத்தது சுவரில் ஏறும் திறத்தால் மட்டும் அன்று. மே அத்தையின் நலனும், பணமுடையும், மறைக்க வேண்டிய பெயரும் அவனை மனிதனாக்குகின்றன. ஆற்றல் மாந்தரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்துகிறது. குறை அவரைக் கதைக்குள் கொண்டுவருகிறது.

ஆயினும் குறை புள்ளியாக மாறியதும் ஆடுபவரின் நோக்கம் திரிபடைய வாய்ப்பு ஏற்படுகிறது. கூடுதல் ஆற்றலை வாங்குவதற்காகவே உறவினரும் பகைவரும் பட்டியலில் சேர்க்கப்படலாம். குறைக்கான பயன் படைப்பின்போதே கிடைத்துவிடுவதால், ஆட்டத்தில் அக்குறை வெளிப்படாமல் இருப்பதே ஆடுபவருக்கு நன்மையாகிறது. அதை நினைவூட்டும் பொறுப்பு ஆட்ட நடத்துநரைச் சாருகிறது. இவ்வாறு விலையை முன்னரே பெற்ற குறை, தாளில் இருந்தும் கதையில் இல்லாததாகிவிடக் கூடும்.

5. குறையின் பயன் ஆட்டத்திற்கு நகர்தல்

இச்சிக்கலைத் தீர்த்த முறையை ஸ்டீவ் கென்சன் வடிவமைத்த 'மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' (2002) விளையாட்டின் பதிப்பு வரலாற்றில் காணலாம். முதற்பதிப்பு குறைகளுக்குப் படைப்பின்போதே புள்ளி வழங்கியது. மூன்றாம் பதிப்பிலோ அவ்வழக்கம் கைவிடப்பட்டது. அதில் மாந்தர் ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கத்தையும் குறைந்தது வேறொரு சிக்கலையும் வகுத்துக்கொள்ள வேண்டும். அவற்றுக்குப் புள்ளி விலை இல்லை. ஆட்டத்தின்போது அச்சிக்கல் மாந்தருக்கு உண்மையான இடையூறாக அமையும் ஒவ்வொரு முறையும் 'ஹீரோ பாயின்ட்' ஒன்று கிடைக்கும். நெருக்கடியில் அதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆற்றல்களை வாங்கும் முறை இதிலும் புள்ளிவழியானதே. பத்தாம் ஆற்றல்நிலை மாந்தருக்கு 150 புள்ளிகள் உண்டு. தாக்கும் துல்லியமும் தாக்கத்தின் அளவும் கூடி 20ஐ மிஞ்சலாகாது. எனவே கணக்கு முற்றிலும் நீங்கவில்லை. மாறியது குறையின் இடம் மட்டுமே. குறை வெளிப்படுவது இழப்பாக இல்லாமல் ஆடுபவரே விரும்பி வரவேற்கும் நிகழ்வாகிறது. தம் மாந்தரின் உறவினர் ஆபத்தில் சிக்குவதை ஆடுபவரே முன்மொழியும் நிலையும் உருவாகிறது.

கென்சனே 2010இல் வெளியிட்ட 'ஐகான்ஸ்' விளையாட்டில் பகடைவழிப் படைப்பு மீண்டும் இடம்பெற்றது. எனவே பகடையிலிருந்து புள்ளிக்கும், புள்ளியிலிருந்து பிறிதொன்றுக்கும் நேர்கோட்டு வளர்ச்சி நிகழ்ந்ததாகக் கொள்வதற்கு இடமில்லை. ஆனால் 'ஐகான்ஸ்' விளையாட்டிலும் மாந்தரின் சிக்கல்கள் ஆட்டத்தின்போதே பயன் தருகின்றன. ஆற்றலைப் பெறும் வழி மாறியபோதும் குறை நடத்தப்படும் முறை மாறவில்லை.

6. வகைமாதிரிவழிப் படைப்பு

பிரெண்டன் கான்வே உருவாக்கிய 'மாஸ்க்ஸ்: எ நியூ ஜெனரேஷன்' (2016) பதின்பருவ மீநாயகரைப் பற்றியது. அதன் அடிப்படை நூலில் பத்து வகைமாதிரிகள் உள்ளன. முன்னோரின் பெயரைத் தாங்குபவர், அழிவை எதிர்நோக்கியிருப்பவர், இரட்டை வாழ்வு நடத்துபவர், மனித உருவை இழந்தவர் என அவை அமைகின்றன. இப்பகுப்பின் அடிப்படை ஆற்றல் அன்று; வாழ்க்கைச் சிக்கலே. ஆற்றலோ ஒரு சிறு பட்டியலிலிருந்து விரைவில் தெரிவு செய்யப்பட்டுவிடும். மாந்தரின் கடந்த காலம் பற்றியும் பிற மாந்தரோடு கொண்ட உறவு பற்றியும் விதிநூல் எழுப்பும் வினாக்களுக்கு விடை கூறுவதே படைப்பின் பெரும்பகுதி.

வலிமை, விரைவு போன்ற இயல்புகளும் இதில் இல்லை. மாந்தர் தம்மை ஆபத்தானவர், விந்தையானவர், காப்பவர், உயர்ந்தவர், சாதாரணமானவர் என எவ்வளவு கருதுகிறார் என்பதே ஐந்து அளவுகளாக உள்ளது. செல்வாக்குடைய பிறர் கூறும் சொல் இவ்வளவுகளை மாற்றும். இங்குக் குறை தனியே சேர்க்கப்படுவதில்லை. மாந்தர் அதிலிருந்தே தொடங்குகிறார்.

இம்முறையின் எளிமையைத் தமிழ் ஆய்வாளர் உணர்வதற்கு அகத்திணை மரபு துணைசெய்யும். அகப்பாடல் மாந்தர் பெயர் சுட்டப்பெறாத வகைமாதிரிகளே. தலைவி, தோழி, செவிலி என்ற அளவிலேயே அவர்தம் உறவுநிலை தெளிவாகிவிடுகிறது. யார் யாரிடம் கூற்று நிகழ்த்தலாம் என்பதற்கும் தொல்காப்பியம் வரையறை தருகிறது. அவ்வரையறை புலவரைக் கட்டுப்படுத்தியதைக் காட்டிலும் அவருக்குத் தொடக்கத்தை அளித்தது எனலாம். வகைமாதிரிவழிப் படைப்பும் அத்தகைய தொடக்கத்தையே அளிக்கிறது. வேறுபாடும் உண்டு. அகமாந்தர் இறுதிவரை பெயரற்றவராகவே நிற்க, விளையாட்டின் மாந்தர் முதல் நாளிலேயே பெயர் பெற்றுத் தனியராக வளர்கிறார். இவ்வொப்புமை தாக்கம் பற்றியது அன்று. படைப்பு முறையின் இயல்பு பற்றியது.

முடிவுரை

மூன்று முறைகளுள் எதுவும் உழைப்பை முற்றிலும் நீக்குவதில்லை. பகடைவழிப் படைப்பு அதனைப் பொருள்கோளுக்கும், புள்ளிவழிப் படைப்பு முன்னறிவுக்கும், வகைமாதிரிவழிப் படைப்பு பிறரோடு நிகழும் உரையாடலுக்கும் மாற்றுகின்றன. ஆகவே எம்முறை எளிது என்பதைக் காட்டிலும் யாருக்கு எளிது என வினவுதலே பொருத்தமானது. கருவின்றி வருபவர், கருவோடு வருபவர், குழுவோடு வருபவர் ஆகிய மூவருக்கும் எளிமை வெவ்வேறானது.

ஆற்றலைக் கணக்கிடும் வழி எதுவாயினும், குறையை முன்னரே விலைக்கு வாங்கும் விளையாட்டில் மாந்தர் பட்டியலாக நின்றுவிடும் வாய்ப்பு மிகுதி. குறை ஆட்டத்தில் செயற்படும்போதே பயன் தரும் விளையாட்டிலும், குறையையே தொடக்கமாகக் கொள்ளும் விளையாட்டிலும் மாந்தர் படைப்பு முதல் நாளோடு முடிவதில்லை, கதையோடு தொடர்கிறது. பாத்திரப் படைப்பைப் படைப்பாளி ஒருவரின் தனித்திறனாக மட்டும் காணும் திறனாய்வு, பலர் கூடி விதிவழிப் படைக்கும் இம்மாந்தரையும் கருத்திற்கொள்ள வேண்டும். ஒரு மாந்தரைக் கதைமாந்தராக்குவது எது என்பதை விதியாக எழுதிப் பார்த்து, பிழை கண்டு, பதிப்புதோறும் திருத்திய பட்டறிவு இவ்விளையாட்டு நூல்களில் பதிவாகியுள்ளது.